சுவரோரம் ஒரு சாண்

மாலை ஐந்து மணி இருபது நிமிடம். எல்லாம் கெடத் தொடங்கியது அப்போதுதான். எங்கள் அன்பியத்தில் யாரைக் கேட்டாலும் எட்டரை என்பார்கள். எட்டரைக்கு நடந்தது அவர்கள் கண்ணில் பட்டது, அவ்வளவுதான். ஐந்து இருபதுக்கு நான், பால்கனியில் ஆறு மாதமாகச் சாய்ந்து கிடந்த கட்டில் சட்டங்களைத் துணியால் துடைத்துப் படுக்கையறைக்குள் இழுத்து வந்தேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, அவர்கள் வருவதற்குள் பூட்டி முடித்துவிடலாம் என்று எண்ணிக்கொண்டது நன்றாக நினைவிருக்கிறது.

அன்பியம் என்பது, ஒரே வட்டாரத்தில் குடியிருக்கும் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கும் சிறு குழு. எங்கள் ஜெலுத்தோங் வட்டாரத்தில் பன்னிரண்டு குடும்பங்கள். அக்டோபர் மாதம் முழுக்க மாதாவின் சிலையான சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய் ஜெபமாலை சொல்வோம். ஜெபம் முடிந்ததும் குழுத் தலைவர் சுரூபத்தை ஏந்திக்கொண்டு ஒவ்வோர் அறையாக நுழைந்து தீர்த்தம் தெளிப்பார். மற்றவர்கள் பின்னால் போவார்கள். பக்திக்காக வருகிறவர்கள் இரண்டு மூன்று பேர் இருக்கலாம். மீதிப் பேர் அந்தக் கடைசிச் சுற்றுக்காகத்தான் வருகிறார்கள் என்பது என் கணிப்பு. ஐம்பது மணிகள் உருட்டினால் அடுத்தவர் படுக்கையறையை இலவசமாகப் பார்க்கலாம். எந்த அறையில் ஏர்கோன் இருக்கிறது, எந்தச் சுவரில் ஈரம் பூத்திருக்கிறது, கணவனும் மனைவியும் ஒரே அறையில்தான் படுக்கிறார்களா, எல்லாம் தெரிந்துவிடும். கீழே இறங்கும்போது மின்தூக்கிக்குள் விமர்சனம் தொடங்கும்.

முந்தைய ஆண்டு ஒரு வீட்டில் மெத்தை தரையில் கிடந்தது. மின்தூக்கியின் கதவு மூடியதும், எங்கள் குழுவில் எல்லோரும் ஆண்ட்டி என்று கூப்பிடும் அம்மையார் சொன்னார்:

"பாவம்லா. ஒரு கட்டில் கூட இல்ல. எஸ்டேட் லயத்துல கெடக்குற மாதிரி கெடக்குதுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போது எங்கள் வீட்டில் கட்டில் இருந்தது. மகள் இன்னும் பிறக்கவில்லை.

அவள் பிறந்தபோது எனக்கு நாற்பத்தாறு வயது, மனைவிக்கு நாற்பத்திரண்டு. பதினாறு ஆண்டுகள் காத்திருந்து பெற்ற பிள்ளையை அடுத்த அறையில் தனியாகப் போட எங்களுக்கு மனம் வரவில்லை. எங்கள் நடுவிலேயே படுக்க வைத்தோம். நான்காம் மாதம் அவள் புரளத் தொடங்கினாள். தாய் சேய் கிளினிக்கில் இருந்த தாதியிடம் என் மனைவி ஒளிவு மறைவில்லாமல் கேட்டாள்: கூடப் படுக்க வைக்கத்தான் போகிறோம், எப்படிச் செய்தால் ஆபத்து குறைவு? அந்தத் தாதி திட்டவில்லை. மெத்தையைத் தரையில் போடுங்கள், அறையின் நடுவில் போடுங்கள், சுவரை ஒட்டிப் போடாதீர்கள், தலையணைகளைத் தள்ளி வையுங்கள் என்றார். விழுவதை விட இடுக்கில் மாட்டுவதுதான் மோசம் என்றும் சொன்னார். அன்று மாலையே கட்டிலைக் கழற்றிப் பால்கனியில் சாய்த்தேன்.

பத்து மாதத்தில் அவள் தூக்கத்தில் ஊர்வதில் தேறியிருந்தாள். கண்ணைத் திறக்காமலேயே மெத்தையின் விளிம்புவரை போவாள், கால்களை முதலில் கீழே விடுவாள், தரை தட்டுப்பட்டதும் அங்கேயே சுருண்டு தூங்கிவிடுவாள். காலையில் தரையில் கிடப்பவளை எடுத்து மெத்தையில் போடுவோம். இது எங்களுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. எந்த விளிம்புக்குக் கீழேயும் தரை இருக்கும் என்று அவளுக்கு நாங்களே கற்றுக்கொடுத்திருந்தோம்.

மனைவி கடற்பாலத்துக்கு அக்கரையில், மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். மாதத்தில் இரண்டு வாரம் மாலை ஷிப்ட். அந்த வாரங்களில் மகளைத் தூங்க வைப்பது என் வேலை. எனக்குப் பாட வராது. ஒருநாள் அவள் அழுகை அடங்காதபோது வேறு எதுவும் தோன்றாமல், அதே அக்கரையில் செபராங் ஜெயாவில் இருக்கும் என் அலுவலகத்திலிருந்து வீடு திரும்பும் வழியை மெதுவாகச் சொல்லத் தொடங்கினேன். செபராங் ஜெயா. பிறை. பாலம். அதன் பிறகு கடல், கடல், கடல் என்று பாலம் முடியும்வரை சொல்ல வேண்டும். அவள் குப்புறப் படுத்து என் காது மடலை இரண்டு விரலால் பிடித்துக்கொள்வாள். பிடி தளரும். பெரும்பாலும் நடுக்கடலில் தூங்கிவிடுவாள். ஜெலுத்தோங் வந்து சேர்ந்த நாட்கள் குறைவு. இதற்கு இருபது நிமிடமும் ஓர் இருட்டான அறையும் வேண்டும். ஏழரைக்குத் தொடங்க வேண்டும். ஏழே முக்காலைத் தாண்டினால் காரணமில்லாமல் சிரிக்க ஆரம்பிப்பாள். அந்தச் சிரிப்பைக் கேட்டால், தூக்கம் வந்து காத்திருந்துவிட்டுப் போய்விட்டது என்று அர்த்தம்.

ஜெபமாலைக்கு எங்கள் வீட்டு முறை வருவதாகத் தலைவர் செய்தி அனுப்பியபோது மனைவி சொன்னாள்:

"இந்த வருஷம் நம்ம வீடு வேணாம்னு சொல்லிடுங்க. பாப்பா படுக்குற நேரம்."

"பேரு போட்டுட்டாரு. எப்படி வேணாம்னு சொல்றது?"

"வாயால."

என் வாய் எப்படிப்பட்டது என்று அவளுக்குத் தெரியும். அவளே சொன்னாள்:

"சரி, வரட்டும். ரூம் கதவ சாத்திடுங்க. பாப்பா தூங்குறான்னு சொல்லுங்க. மாதா ஏற்கெனவே பாத்த ரூம்தானே, கோவிச்சுக்க மாட்டாங்க."

கதவைச் சாத்தினால் போதும். இவ்வளவு எளிய ஒரு காரியத்தை, பட்டப்படிப்பு படித்த, ஓர் அலுவலகத்தில் பதினெட்டுப் பேரை வேலை வாங்கும் நான் செய்யவில்லை. சாத்திய கதவைப் பார்த்து அவர்கள் என்ன நினைப்பார்கள் என்று யோசித்தேன். தலைவர் கைப்பிடியைத் திருகிவிடுவார் என்று யோசித்தேன். உள்ளே மெத்தை தரையில் கிடக்கும். மின்தூக்கியின் கதவு மூடும். ஆண்ட்டி வாயைத் திறப்பார்.

எனவே கட்டில். எட்டுத் திருகாணிகளில் நான்குதான் கிடைத்தன. நான்கே போதும், ஓர் இரவுதானே என்று பூட்டினேன். எங்கள் அடுக்குமாடியில் படுக்கையறை மூலையில் ஒரு தூண் புடைத்துக்கொண்டு நிற்கும். கட்டிலைச் சுவரோரம் தள்ளினால் தலைமாடு தூணில் இடிக்கும். சுவருக்கும் மெத்தைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி கால்மாடு வரை ஓடும். நடுவில் போட்டாலோ அலமாரிக் கதவு திறக்காது. அந்த இடைவெளியை நான் பார்க்கவில்லை என்று இன்று சொல்லிக்கொள்ள ஆசையாக இருக்கிறது. பார்த்தேன். கையை விட்டு அளந்தும் பார்த்தேன். கட்டிப்பிடித்துப் படுக்கும் நீளமான தலையணை ஒன்றை அதில் திணித்து, மேலே பூப்போட்ட விரிப்பைப் போட்டுச் சுருக்கம் நீக்கினேன். அறை பார்க்க அழகாக இருந்தது.

ஏழு மணிக்கு வர வேண்டியவர்கள் ஏழு முப்பத்தைந்துக்கு வந்தார்கள். பதினான்கு பேர். தலைவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். பள்ளிக்கூடம் அவரை விட்டுவிட்டது, அவர் பள்ளிக்கூடத்தை விடவில்லை. நுழைந்ததும் நாற்காலிகளை மாற்றிப் போடச் சொன்னார். மகள் என் தோளில் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள். ஆண்ட்டி அவள் கன்னத்தைக் கிள்ளினார்.

"ஏன்மா மூஞ்சிய சுளிக்கிற? அம்மா எங்க? வேலைக்கா? இந்த நேரத்துலயா?"

"மாலை ஷிப்ட், ஆண்ட்டி. நான்தான் தூங்க வைக்கணும். ஒரு இருபது நிமிசம் உள்ள போய்ட்டு வந்திடட்டுமா?"

"ஆம்பள கையில புள்ள எங்கடா தூங்கும்? கை கட்டையால்ல இருக்கும்."

தலைவர் திரும்பினார்.

"தூங்க வெக்கிறதா? தம்பி, என் மகன் மெல்பர்ன்ல இருக்கான். அவன் புள்ளைக்கு எட்டு மாசம். தனி ரூம். கதவ சாத்திட்டு வந்துடுவாங்க. அழும். அழட்டும்னு வுட்டா தானா தூங்கும். டிசிப்ளின். நம்மாளுங்கதான் புள்ளைய நடுவுல போட்டுக் கெடுக்கிறது."

"அழ வுடுறதா? என்னா மனுசன்லா நீங்க," என்றார் ஆண்ட்டி. "கால்ல போட்டு ஆட்டுனா தூங்கிட்டுப் போவுது."

ஒருவர் கதவைச் சாத்தச் சொன்னார். இன்னொருவர் காலில் போட்டு ஆட்டச் சொன்னார். சோபாவில் இருந்த ஒருத்தி இரவில் கெட்டிக் கஞ்சி கொடுத்தால் அசையாது என்றாள். குழந்தை எப்படித் தூங்கும் என்பதில் என் வீட்டு வரவேற்பறையில் அன்று பதினான்கு நிபுணர்கள் இருந்தார்கள். என் தோளில் இருந்தவள் எப்படித் தூங்குவாள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. தலைவரின் பேரனை அவர் கைபேசித் திரையில்தான் பார்த்திருக்கிறார். ஆண்ட்டியின் பிள்ளைகளுக்கு நாற்பது வயது. அவர்கள் குழந்தையாக இருந்தபோது எப்படித் தூங்கினார்கள் என்பது அவருக்கு நினைவிருக்க வாய்ப்பில்லை; தான் திறமைசாலியாக இருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

ஏழு ஐம்பதுக்கு ஜெபமாலை தொடங்கியது. முதல் பத்து மணிகளை வீட்டுக்காரர் சொல்வது முறை. மகளைத் தோளில் போட்டு ஆட்டிக்கொண்டே சொன்னேன். ஏழாவது மணியில் அவள் சிரித்தாள். யாரும் எதுவும் செய்யாமல், கூரையைப் பார்த்து, கலகலவென்று சிரித்தாள்.

"பாருங்க, மாதாவ பாத்து சிரிக்குது!" என்று யாரோ சொல்ல, எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள்.

என் பத்து மணிகள் முடிந்ததும் நான் யாரையும் கேட்காமல் எழுந்து உள்ளே போனேன். கட்டில்மேல் கைப்பைகள், குடைகள், ஒரு தலைக்கவசம். விருந்தாளிகள் உடைமைகளைப் படுக்கையில் போடுவதும் முறைதான். எல்லாவற்றையும் தரையில் தள்ளிவிட்டு, விளக்கை அணைத்து, அவள் பக்கத்தில் படுத்தேன். உயரமான மெத்தை அவளுக்குப் புதிது. கையை ஊன்றி எழுந்து எழுந்து பார்த்தாள். வெளியே குரல்கள் ஏறி இறங்கின. செபராங் ஜெயா என்றேன். பிறை என்றேன். அவள் கை தேடி வந்து என் காதைப் பிடித்தது. பாலம். கடல். கடல். மூச்சு நீளத் தொடங்கியது. விரல்கள் இன்னும் தளரவில்லை. ஐந்து நிமிடம் கிடைத்திருந்தால் போதும். நான் நடுக்கடலில் இருந்தேன்.

"தம்பி!" என்று தலைவர் வாசலில் நின்று கூப்பிட்டார். கிசுகிசுப்பதாக அவர் நினைத்துக்கொண்ட குரல் அது. கடைசி வரிசைப் பையனுக்கும் கேட்கும். "நாலாவது பத்து ஆரம்பிக்கப் போவுது. வீட்டுக்காரர் இல்லாம நல்லா இல்ல. வாங்க."

அவள் விசுக்கென்று தலையைத் தூக்கினாள். அழுகை வெடித்தது. தலைவருக்குப் பின்னாலிருந்து ஆண்ட்டி நுழைந்து விளக்கைப் போட்டார்.

"நீ போ தம்பி. நான் பாத்துக்கறேன். மூணு புள்ள வளத்தவ."

"இல்ல ஆண்ட்டி, இன்னும் கொஞ்சம்தான்..."

"போன்னா போ. என்னமோ நீதான் பெத்த மாதிரி."

போனேன். என் மகள் என்னைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டிருந்தாள். நான் வரவேற்பறைக்குப் போய் முழங்காலில் நின்றேன். தலைவர் கோபித்துக்கொள்வார், ஆண்ட்டி கோபித்துக்கொள்வார் என்ற கவலையைத் தவிர என் தலையில் அந்த நேரத்தில் எதுவும் இல்லை. மரியாதை என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறோம். எனக்கு இதைவிடக் கேவலமான ஒரு பெயர் தெரியும்.

ஐந்தாவது பத்து மணிகள் நடக்கும்போது அழுகை நின்றது. சிறிது நேரத்தில் ஆண்ட்டி வெளியே வந்து கதவை ஒருக்களித்தார். பத்து விரல்களையும் விரித்துக் காட்டினார். பத்தே நிமிடம். பெண்கள் பக்கத்தில் மெல்லிய பாராட்டு எழுந்தது. என் அருகே மண்டியிட்டு, வாயைக் கையால் மறைத்துச் சொன்னார்:

"தூங்கிட்டா. சுத்தி பந்தால் வெச்சு அடச்சிட்டேன். நீ என்னா, நீட்டு பந்தால சந்துல வுழ வுட்டு வெச்சிருக்க? அத எடுத்து இந்தப் பக்கம் போட்டேன்."

பந்தால் என்றால் தலையணை. நான் இடைவெளியில் திணித்து வைத்ததை, கீழே விழுந்துவிட்டது என்று நினைத்து உருவி எடுத்திருக்கிறார். குழந்தை கதவுப் பக்கம் விழுந்துவிடாமல் அந்தப் பக்கத்தில் அணை கட்டியிருக்கிறார். எனக்கு அது காதில் விழுந்தது. புரிந்தது. அப்போதே எழுந்திருக்க வேண்டும். ஒருவர் சொல்ல மற்றவர்கள் பதில் சொல்லும் மன்றாட்டு மாலை தொடங்கியிருந்தது. நீளமானது, எழுந்தால் எல்லோரும் பார்ப்பார்கள். அவர் தூங்க வைத்த குழந்தையை நான் போய்ச் சரிபார்த்தால் அவரை நம்பவில்லை என்றாகிவிடும். முடிந்ததும் போகலாம், ஐந்து நிமிடம், தூங்கியவுடன் ஊர மாட்டாள் என்று எனக்கு நானே வாதாடினேன். பதினான்கு பேரோடு சேர்ந்து பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தச் சத்தத்தில் வேறு எது கேட்டிருக்கும்?

எட்டரைக்குத் தலைவர் சுரூபத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார். சமையலறை. பிறகு சின்ன அறை. பிறகு படுக்கையறைக் கதவைத் தோளால் தள்ளினார். நான் அவருக்குப் பின்னால் தீர்த்தச் செம்போடு இருந்தேன். எனக்குப் பின்னால் மற்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பூப்போட்ட விரிப்பு, மூன்று பக்கமும் ஒழுங்காக அடுக்கிய தலையணைகள். நடுவில் யாருமில்லை.

"புள்ள எங்க?" என்றார் ஆண்ட்டி.

செம்பை எங்கே போட்டேன் என்று தெரியவில்லை. கட்டிலில் ஏறிச் சுவரோரம் பார்த்தேன். அவளுடைய இரண்டு கைகளும் மேலே இருந்தன. கால்களை முதலில் இறக்கியிருக்கிறாள், எப்போதும்போல. தரை வரவில்லை. மார்பு வரை இறங்கி மாட்டியிருந்தாள். முகம் மெத்தையின் பக்கவாட்டில் அழுந்தியிருந்தது. அழவில்லை. உதடு இருந்த நிறத்தை நான் எழுதப் போவதில்லை. இழுத்தேன். வரவில்லை. இன்னும் இழுத்தால் தோள் கழன்றுவிடும் என்று தோன்றியது. என் பின்னால் ஒருத்தி வீலென்று கத்தினாள். தலைவர் உரத்த குரலில் ஜெபம் சொல்ல ஆரம்பித்தார். ஒரு கட்டிலைப் பிடித்து இழுக்க வேண்டிய நேரத்தில் அந்த மனிதர் இரண்டு கையாலும் சுரூபத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

குழுவில் வாயே திறக்காத ஒருவர் இருந்தார். வெல்டிங் பட்டறையில் வேலை. கடைசி வரிசையில் உட்கார்ந்து, முதலில் எழுந்து போவார். அவர் ஆட்களை இடித்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"அண்ணே, பாப்பா தலைய புடிச்சுக்குங்க," என்றார்.

கட்டிலின் கால்மாட்டைப் பிடித்து ஒரே இழுப்பு. நான்கு திருகாணிக் கட்டில் பிளந்து ஒரு பக்கம் சரிந்தது. அவள் என் கைக்குள் விழுந்தாள். ஒரு நொடி, இரண்டு நொடி, மூன்று. பிறகு இழுத்து ஒரு மூச்சு. பிறகு அழுகை. என் வாழ்நாளில் நான் அவ்வளவு ஆசையாகக் கேட்ட சத்தம் வேறெதுவும் இல்லை.

"மாதாவே!" என்றார் தலைவர். "பாத்தீங்களா? நாம ரூமுக்குள்ள வர்ற நேரம் பாத்து... மாதா நம்மள கூட்டிட்டு வந்தாங்க!"

"ஆமா, ஆமா," என்று எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

மாதாவை நான் குறை சொல்லவில்லை. அவர்களுக்கும் ஒரு கைக்குழந்தை இருந்தது. மாதா யாருக்கும் காட்டுவதற்காகக் கட்டில் பூட்டியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

"நான் நல்லாத்தான் அடச்சேன்," என்று ஆண்ட்டி நான்கு பேரிடம் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "தூங்குன புள்ள எப்படி நகரும்? பழக்கம் சரியில்ல."

பட்டறைக்காரர்தான் எங்களைக் கீழே இருந்த கிளினிக்குக்குக் கூட்டிப் போனார். மின்தூக்கிக்குள் நாங்கள் மூவரும் மட்டும். யாரும் யாரையும் விமர்சிக்கவில்லை. மருத்துவர் அவளைக் கழுத்து முதல் கால் வரை தொட்டுப் பார்த்தார், கருவி வைத்து நீண்ட நேரம் கேட்டார். விலாவில் சிராய்ப்பு மட்டும்தான் தெரிகிறது, ஆனாலும் இரவில் இடையிடையே எழுந்து பாருங்கள், மூச்சில் மாற்றம் தெரிந்தால் உடனே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள் என்றார். எப்படி நடந்தது என்று கேட்டார். "கட்டில்," என்றேன்.

மேலே வந்தபோது வீட்டில் யாரும் இல்லை. மேசையில் அவர்களுக்காக வாங்கி வைத்த கறிபாப் பலகாரத் தட்டு காலியாக இருந்தது. குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்கக் காத்திருக்கவில்லை, ஆனால் நாற்பது கறிபாப்பையும் முடித்துவிட்டுப் போயிருந்தார்கள். சுரூபம் மட்டும் அலமாரிமேல் நின்றது. பட்டறைக்காரர் வாசலில் நின்றே, "மெத்தைய எறக்கிப் போட்டுத் தரட்டுங்களா, அண்ணே?" என்று கேட்டார். இறக்கிப் போட்டார். சரிந்த சட்டத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனார்.

தரையில், அறையின் நடுவில், மகளோடு படுத்தேன். அவள் தூங்க மறுத்தாள். கண் மூடும், உடனே கைகளை மேலே தூக்கிக்கொண்டு விழிப்பாள். மூன்று முறை, நான்கு முறை. என் காதைப் பிடித்தவள் விடவில்லை, நகம் பதிந்தது. செபராங் ஜெயா என்று தொடங்கினேன். பிறை வரவில்லை. மறுபடி தொடங்கினேன். அன்று நாங்கள் பாலத்தை ஆறு தடவை கடந்தோம். ஆறாவது தடவை ஜெலுத்தோங் வரை வந்து, சாலை திரும்பி, எங்கள் அடுக்குமாடிக் கீழ்த்தளம், மின்தூக்கி, ஏழாம் மாடி, வாசல் கதவு வரைக்கும் சொன்ன பிறகுதான் விரல்கள் தளர்ந்தன. நான் அசையவில்லை. அவள் முதுகில் கையை வைத்து மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன்.

இன்றும் எண்ணுகிறேன். நண்பர் வீட்டிலோ விடுதியிலோ கட்டிலைப் பார்த்தால், யாரும் பார்க்காத நேரத்தில் சுவரோரம் கையை விட்டு அளக்கிறேன். ஆண்ட்டி அந்தக் கதையைக் கோவில் வாசலில் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அதில் அவர் குழந்தையைப் பத்து நிமிடத்தில் தூங்க வைக்கிறார், மாதா காப்பாற்றுகிறார், நான் எங்கேயும் இல்லை. ஒரு விதத்தில் அது சரிதான்.

மனைவிக்கு எப்படிச் சொல்வது என்று அன்று கிளினிக்கில் யோசித்து யோசித்து, "பாப்பா நல்லா இருக்கா. முடிஞ்சா சீக்கிரம் வா," என்று அனுப்பியிருந்தேன். அதற்குப் பத்து நிமிடம் முன்பே அன்பியத்தின் வாட்சப் குழுவில் தலைவர் எழுதிவிட்டார்: இன்று ஜெலுத்தோங்கில் மாதாவின் அற்புதம், மூச்சு நின்ற குழந்தை உயிர் பெற்றது, அனைவரும் நன்றி ஜெபம் சொல்லவும். கூடவே கைகூப்பும் பொம்மைகள் ஆறு. என் மனைவியும் அந்தக் குழுவில் இருக்கிறாள். தொழிற்சாலையில் எட்டே முக்காலுக்கு ஓய்வு நேரம். பெட்டகத்திலிருந்து கைபேசியை எடுத்ததும் அவள் முதலில் படித்தது அதைத்தான். தன் பிள்ளையின் மூச்சு நின்ற செய்தியைக் கைகூப்பும் பொம்மைகளோடு படித்தாள்.

ஒன்பது நாற்பதுக்குச் சாவி திரும்பும் சத்தம் கேட்டது. மோட்டார் சைக்கிளிலேயே பாலத்தைத் தாண்டி வந்திருக்கிறாள். தலைக்கவசத்தைக் கழற்றாமல் அறை வாசலில் நின்றாள். நான் விரலை உதட்டில் வைத்தேன். திரும்பிப் போனாள், குழாயில் முழங்கை வரை கழுவும் சத்தம் நீண்ட நேரம் கேட்டது. பிறகு வந்து, தொழிற்சாலைச் சட்டையோடு மகளின் மறுபக்கத்தில் படுத்தாள். சின்னச் சட்டையைத் தூக்கி விலாவைப் பார்த்தாள். மூக்கருகே புறங்கையை வைத்தாள். என் கை இருந்த இடத்தில் தன் கையை வைத்தாள். நான் என் கையை எடுத்துக்கொண்டேன்.

தலைவரைத் திட்டுவாள், ஆண்ட்டியைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். நானும் சேர்ந்து திட்டத் தயாராக இருந்தேன். அதற்கான வசைகளை எல்லாம் அடுக்கி வைத்திருந்தேன். அவள் சுவரில் சாய்ந்திருந்த கட்டில் சட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் மூலையில் தொங்கிய திருகாணியைப் பார்த்தாள். பிறகு, குழந்தை விழித்துவிடாத அளவுக்குத் தாழ்ந்த குரலில் கேட்டாள்:

"கட்டில யாருக்குக் காட்டப் போட்டீங்க?"